கோடை: மலை பிரித்து வைத்த சொல்

வைகாசி முடியும் தறுவாயில் கோவைப் பக்கத்துச் சோமனூரில் காற்று திரும்பிவிடும். தறிக்குடோனின் மேற்குப் பக்கத்து ஜன்னலில் சாக்குப் படுதா ஏறும். விட்டுவிட்டால் ரோட்டுப் புழுதியும் பஞ்சுத் தூசும் சேர்ந்து காடாத் துணியில் படிந்துவிடும். "காத்துக்காலம் வந்திருச்சுங்க" என்பார்கள். அடிக்கிற காற்றுக்கு மேகாத்து என்று பெயர். அதைக் கோடை என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். கோடை என்றால் பங்குனி, சித்திரை. பள்ளிக்கூட லீவு, நுங்கு, இளநீர். ஆனால் கோடை என்ற சொல் முதலில் குறித்தது இந்த மேகாத்தைத்தான்.

பழந்தமிழில் நாலு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. இரண்டிலும் திசை வெளிப்படையாகத் தெரிகிறது. கிழக்குக் காற்று கொண்டல். கடல் நீரைக் கொண்டு வருவதால் அந்தப் பெயர். மேகத்துக்கும் அதுவே பெயராயிற்று. மேற்குக் காற்று கோடை. குடகு, குடமலை, குடபுலம் என்ற பெயர்களில் மேற்கைச் சுட்டும் 'குட' என்ற அடியோடு இதைச் சேர்ப்பவர்கள் உண்டு. தென்றலும் வாடையும் திசையால் பெயர் பெற்றிருக்கும்போது இதுவும் அப்படியே பெற்றிருக்கும் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

காற்றின் பெயர் பருவத்தின் பெயரானது எப்படி? பழைய கணக்கில் வெயில் காலத்துக்கு வேனில் என்று பெயர். அதில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். முதுவேனில் ஆனியும் ஆடியும். மேல்காற்று ஓங்கி வீசும் மாதங்களும் இந்த ஆனி, ஆடிதான். காற்றும் வெக்கையும் ஒரே சமயத்தில் வந்தால் ஒன்றின் பெயர் மற்றதன்மேல் ஏறுவது பேச்சில் சகஜம். பிறகு வேனில் புத்தகத்தோடு நின்றுகொண்டது. கோடை ஊருக்குள் வந்தது. வந்த இடத்திலும் நகர்ந்துவிட்டது. இன்று வானிலைத் துறைக்கு மார்ச் முதல் மே வரைதான் கோடை, ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. ஆக, கோடை என்ற காற்று புறப்படும் மாதத்தில் கோடை என்ற பருவம் முடிந்துவிடுகிறது. கோடை உழவு, கோடை மழை என்று உழவர்கள் சொல்வதெல்லாம் இந்தப் புதுக் கணக்கில்தான்.

இதே சொல் மலைக்கு அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று பார்த்தால்தான் வேடிக்கை. மலையாளத்தில் கோட என்றால் பனிமூட்டம். மூணாறிலும் வயநாட்டிலும் மலை தெரியாதபடி மூடிக்கொள்வது கோடமஞ்ஞு. கோடக்காற்று என்றால் உடம்பு நடுங்கும் ஈரக்காற்று. நமக்கு நாக்கு வறண்டுபோகிற சொல் அவர்களுக்குப் போர்வையைத் தேட வைக்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் பொய் சொல்லவில்லை. ஒரே காற்றை மலையின் இரண்டு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. மேகமாகும்போது கொஞ்சம் வெப்பம் வெளிப்படுவதால் கிலோமீட்டருக்கு 5, 6 டிகிரிதான் குளிர்கிறது. மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது கிலோமீட்டருக்கு சுமார் 10 டிகிரி சூடேறுகிறது. ஈரத்தை இறக்கிவிட்டு வெப்பத்தோடு வந்து சேர்கிறது. மழை மறைவுப் பகுதி என்று பாடநூல் சொல்வது இதைத்தான். இலங்கையிலும் இதே கதை. தென்மேற்குக் காற்று மத்திய மலைநாட்டைத் தாண்டி மட்டக்களப்பில் இறங்கும்போது வறண்ட அனலாக அடிக்கும். அங்கே அதன் பெயர் கச்சான்.

திசைப் பெயர்களிலும் இந்த மலை இருக்கிறது. நிலம் மேலே போகும் பக்கம் மேற்கு. கீழே இறங்கிக் கடலுக்குப் போகும் பக்கம் கிழக்கு. தமிழ்நாட்டில் நின்றால்தான் இது பொருந்தும். கேரளத்தில் மலை இருப்பது கிழக்கே. ஆனாலும் அவர்களும் கிழக்கு என்றே சொல்கிறார்கள். மேற்குக்கு மட்டும் ஞாயிறு படும் திசை என்ற பொருளில் படிஞ்ஞாறு. மொழியறிஞர் கால்டுவெல் 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதைச் சான்றாக எடுத்துக்கொண்டு, மலையாளம் மலைக்குக் கிழக்கிலிருந்து போனது என்று வாதிட்டார். ஞாயிறு கீழிருந்து எழுவதால் கிழக்கு என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். மறுப்புக்கும் மதிப்புண்டு, ஆனால் தோட்டத்தில் நின்றுகொண்டு "மேக்கால மேட்டுக்காடு" என்று கை காட்டும் கொங்குக்காரர் கால்டுவெல் பக்கம்தான் பேசுகிறார்.

காற்றைப் பொறுத்தவரை சோமனூரின் நிலை மலையின் ஈரப் பக்கத்துக்கும் அனல் பக்கத்துக்கும் நடுவில். மேற்கே நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர்; கணவாயின் தரையோ சில நூறு மீட்டர்தான். காற்று மலை ஏறாமல் வாசல் வழியாகவே உள்ளே வந்துவிடுகிறது. ஏறாததால் மழை கொட்டுவதில்லை; இறங்காததால் அனலாக மாறுவதுமில்லை. மிஞ்சுவது விர்ரென்ற குளுமையும் ஆடியில் நாலு தூத்தலும். பாலக்காட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கோவைச் சமவெளியில் 600, 700-தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் தருவது. இரண்டு ஊரும் ஏறக்குறைய 11-ஆவது அட்சக்கோட்டில்தான் இருக்கின்றன. பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கு இங்கே ஒன்றையும் விளக்காது. தாவரவியல் படித்தவரான விளாதிமிர் கோப்பென் உலகக் காலநிலையை எழுத்துகளால் பிரித்தபோது, மற்ற மண்டலங்களை வெப்பநிலையால் அளந்தார். வறண்டவற்றை மட்டும் மழையையும் வெப்பத்தையும் எதிரெதிரே நிறுத்தி அளந்தார். பல வரைபடங்களில் கோவைச் சமவெளி அந்த அரை வறள் வகையில் விழுகிறது.

தறிக்காரருக்கு வரைபடம் வேண்டாம், பாவு நூலே சொல்லிவிடும். பஞ்சு நூல் ஈரத்தில் உறுதி, வறட்சியில் முறுமுறுப்பு. சைசிங் மில்லில் போட்ட கஞ்சி பங்குனி மத்தியானத்தில் உதிரும், இழை அறும், தறி நிற்கும். அதனால் குடோன் தரையில் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். மேகாத்து ஆரம்பித்தால் அந்த வேலை குறையும். ஆனால் படுதா கட்டும் வேலை வந்து சேரும்.

கோடைக் காற்று நீலகிரியில் இறக்கிவிட்டுப் போகும் மழைதான் பைக்காராவில் தண்ணீராகச் சேர்கிறது. 1930-களில் அங்கிருந்து மின்சாரம் இறங்கிய பிறகுதான் கோவை வட்டாரத்தில் மில்கள் வரிசையாக முளைத்தன. மழையாக இறங்காமல் கணவாய் வழியே வந்த பங்கையும் இப்போது விடுவதில்லை. பல்லடம், கேத்தனூர், பூளவாடி, உடுமலைப் பக்கமெல்லாம் காத்தாடிகள் நிற்கின்றன. அவற்றில் பல நூல் மில்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் போட்டவை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வேகமாகச் சுற்றும். முதுவேனில் என்று பழையவர்கள் பேர் வைத்த ஆனி, ஆடிக்குப் பத்திரிகைகள் இப்போது வைத்திருக்கும் பெயர் காற்றாலை சீசன்.