அலுப்பூட்டும் பட்டியல்களின் அருமை

இன்று செய்திக்குப் பஞ்சமில்லை. அது வெள்ளமாக வருவதுதான் தொல்லை. கைபேசியைத் திறந்தால் போதும், சோழர் கங்கை வரை சென்ற கதையைப் பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள். வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு வரலாறு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வந்து சேருகிறது. அதில் எது மெய், எது கட்டுக்கதை என்று பிரித்தறிய அவர்களுக்கு வழி இருப்பதில்லை.

இதற்கு நான் கண்ட மருந்து, படித்தால் தூக்கம் வரும் என்று பலரும் ஒதுக்கிவிடும் கல்வெட்டுப் பட்டியல்கள். 1886இல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் சென்னை மாகாண அரசின் கல்வெட்டாய்வாளர் ஆனார். 1890இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி வெளிவந்தது. ஆண்டறிக்கைகளும் தொடர்ந்தன. அவற்றில் ஊர், கல்வெட்டு உள்ள இடம், மன்னன், ஆட்சியாண்டு, மொழி, கடைசியில் ஒரு சிறு குறிப்பு இருக்கும். அவ்வளவுதான்! 'விளக்குக்கு 90 ஆடுகள்', 'விளக்குக்கு 96 ஆடுகள்' என்று பக்கம் பக்கமாகப் போகும்.

ஆனால் இந்த வறட்சியில்தான் விஷயமே இருக்கிறது. முதலாம் இராசராசன் காலம் முதல் சோழர் கல்வெட்டுகள் பல மெய்க்கீர்த்தியோடு தொடங்கும். வெற்றிகள் கூடக்கூட அதுவும் நீளும். ஊருக்கு ஊர் ஏறக்குறைய அதே வாசகம்தான். அந்தக் காலத்து 'ஃபார்வர்டு' என்றே சொல்லலாம். மெய்க்கீர்த்தி முடிந்த பிறகு வருவதுதான் அந்த ஊருக்கே உரிய செய்தி.

போளூருக்கு அருகில் எங்கள் சமணத் தலமான திருமலையில், முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஈழம், வங்காளம், கங்கை என்று நீளும் அதன் வெற்றிப் பட்டியலைச் சரித்திரப் புத்தகங்கள் விடாமல் எடுத்துக்காட்டும். கடைசி வரிகளை யாரும் லேசில் பேசுவதில்லை. மல்லியூரில் இருந்த வியாபாரி நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் வைத்தாள். இதுதான் அந்தச் செய்தி. உண்மையில் இந்தக் கொடைக்காகத்தான் கல்லே வெட்டப்பட்டது. கங்கை வெற்றி அதற்கு முன்னுரைதான்!

வியாபாரி கண்ணுக்கு இன்னொன்றும் படும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்பது கணக்கு. இந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். ஆடு செத்தாலும் குட்டி அந்த இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது. முதல் அப்படியே நிற்க, வரும்படியில் விளக்கு எரிகிறது. நம் அறக்கட்டளைகளின் வைப்புநிதியும் இதே ஏற்பாடுதானே?

பட்டியலுக்கு யாரையும் புகழ வேண்டிய கட்டாயமில்லை, கோபமூட்டவும் தெரியாது. அதனாலேயே அதை நம்ப முடிகிறது. அரசனும் ஆட்டிடையனும் வியாபாரி மனைவியும் அதில் ஒரே எழுத்தளவில்தான் வருகிறார்கள்.

வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. வி. ரங்காசாரியார் 1919இல் சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், தாலுகா வாரியாக மூன்று தொகுதிகளாகப் பட்டியலிட்டார். விடுமுறை நாளில் பிள்ளைகளை உட்காரவைத்து, உங்கள் பூர்வீக ஊரையோ பக்கத்து ஊரையோ அதில் தேடச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிஷம் போரடிக்கும். ஊர்ப் பெயர் கண்ணில் பட்டுவிட்டால், பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள்.