நம் வாசிப்பும் நமக்கு வாய்த்த நூல்களும்

'நீங்கள் விரும்பிப் படிக்கும் நூல் எது?' என்று மாணவரை அடிக்கடி கேட்கிறோம். ஒருவர் தனியே அமர்ந்து, தாமே ஒரு நூலைத் தேர்ந்து, ஓசையின்றிப் படிப்பதே வாசிப்பு என்னும் எண்ணம் அவ்வினாவில் மறைந்துள்ளது. சிங்கப்பூர்த் தமிழரிடையே இவ்வழக்கம் வேரூன்றிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் சொற்களை நோக்குவோம். படிப்பதைக் குறிக்கத் தமிழில் ஓது, படி, வாசி என்னும் மூன்று வினைகள் வழங்குகின்றன. கல்வியின்பொருட்டுப் பிரிந்து செல்வதைத் தொல்காப்பியம் 'ஓதல்' என்றே குறிக்கிறது. திருமுறை பாடுவோரை இன்றும் ஓதுவார் என்கிறோம். பாட்டுப் பாடுவதைப் 'பாட்டுப் படித்தல்' என்பதும் நாகசுரம் இசைப்பதை 'வாசித்தல்' என்பதும் நம் வழக்கு. மூன்று சொற்களிலும் ஒலி நிலைத்திருக்கிறது. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட பழக்கத்தின் சுவடாகவே இதனைக் கொள்ளலாம்.

இந்நாட்டு அச்சு வரலாற்றின் தொடக்கத்திலும் அவ்வொலி கேட்கிறது. மகுதூம் சாயபு 1887இல் 'சிங்கை நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அதில் 1888இல் வெளிவந்த அவருடைய 'வினோத சம்பாஷணை', பெயருக்கேற்ப உரையாடலாகவே அமைந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு', 1950களில் மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளையோரை எழுதவும் தூண்டியது. எனினும், நாளிதழ் அன்றாடம் தருவதைப் படிப்பது வேறு. பல நூல்களுக்கிடையே நின்று ஒன்றைத் தேர்வது வேறு. தேர்வதற்கு நூல்கள் நிறைந்த அலமாரி வேண்டும்.

பழைய ராஃபிள்ஸ் நூலகம் சந்தா செலுத்தியோருக்கே நூல்களை இரவல் கொடுத்தது. அங்கிருந்தவற்றுள் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். 1953இல் வணிகர் லீ கோங் சியன் புதிய நூலகத்திற்கு 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். நூலகம் எல்லார்க்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் தாய்மொழி நூல்களையும் திரட்ட வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1957இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அக்கட்டடம், 1960 நவம்பர் 12ஆம் நாள் திறக்கப்பெற்றது. தமிழ் கற்ற ஏழைச் சிறுவனும் பணமின்றி நூலைத் தேர்ந்தெடுக்க அந்நிபந்தனைகள் வழிசெய்தன.

அச்சிறுவருள் நாமும் ஒருவராக இருந்தோம். அச்செங்கற் கட்டடத்தில் நாம் முதலில் நாடியவை மு. வரதராசனாரின் புதினங்கள். அவற்றைப் படித்துப் பழகிய நாம், வாய்க்காலையும் வரப்பையும் கண்டறியாத நிலையிலேயே பள்ளிக் கட்டுரைகளில் அவற்றை வருணித்தோம். பிறகு, மா. இளங்கண்ணன் 1975இல் வெளியிட்ட 'வழி பிறந்தது' கைக்குக் கிடைத்தது. நாம் வாழும் ஊரையும் தமிழில் எழுதலாம் என்று அந்நூல் உணர்த்தியது. மு.வ.விடம் நாம் கொண்ட பற்று அதனால் குறையவில்லை. ஆயினும், நம் விருப்பம் என்று நாம் கருதியது, அதுவரை நமக்கு வாய்த்த நூல்களின் எல்லையே என்பது அன்று புலனாயிற்று.

இவ்வுண்மையைப் பின்னாளில் நாமே மறந்தோம். கற்பித்த காலத்தில் நமக்கு உவந்த நூல்களையே பட்டியலிட்டு மாணவர்க்குக் கொடுத்தோம். ஒரு மாணவி நூலைத் திருப்பித் தந்தபோது, 'எங்கள் அடுக்குமாடி வீட்டைப் போன்ற வீடு வருகின்ற தமிழ்க் கதை ஏதும் உண்டா, ஐயா?' என்று கேட்டார். அத்தகைய கதைகள் உண்டு. நம் பட்டியலில்தான் ஒன்றும் இல்லை. அம்மாணவிக்குத் தமிழில் ஆர்வமில்லை என்று அதுகாறும் எண்ணியிருந்தோம். பிழை நம்முடையது.

இன்று அந்த அலமாரி மிகவும் விரிந்துள்ளது. 1965 முதல் 2015 வரை இங்கு வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களுள் ஏறத்தாழ 350 நூல்கள் மின்வடிவம் பெற்று, பொன்விழா ஆண்டில் நாட்டுக்கு வழங்கப்பெற்றன. ஸ்டாம்ஃபர்ட் சாலைக் கட்டடம் இன்று இல்லை. ஆனால், தேடுவோர்க்கு நூல்கள் வீட்டிலேயே கிடைக்கின்றன. தேடுமாறு தூண்டுவோரே குறைவு.

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது இதுவே. மாணவரிடம், 'எது பிடிக்கும்?' என்று கேட்பதற்கு முன், அவர் எவற்றிலிருந்து தேர்ந்தார் என்று கேளுங்கள். பாட நூலுக்கு அப்பால் மூன்று நூல்களையேனும் அவர் முன் வையுங்கள். அவற்றுள் ஒன்று இம்மண்ணில் எழுதப்பெற்றதாக இருக்கட்டும். அவற்றிலிருந்து ஒரு பக்கத்தை வகுப்பில் உரக்கப் படியுங்கள். நம் முன்னோர் நூல்களை அறிந்துகொண்ட வழி அது. எஞ்சிய பக்கங்களை மாணவர் தனியே படித்துக்கொள்வர்.