கப்பல் திரும்பிய பிறகு



ஆகஸ்டு மாதக் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கடலோரமாகவே நடந்து வருகிறார்கள். அதே கரையில், எதிர்த்திசையில், 1545-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் நடந்துபோனார். நாகப்பட்டினத்திலிருந்து மயிலாப்பூருக்கு, புனித தோமையாரின் கல்லறையைத் தேடிப் போனார். ஏறக்குறைய 300 கிலோமீட்டர்.

அவர் ஏன் நடந்தார்? அதற்கு முந்தைய ஆண்டு மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற நூற்றுக்கணக்கான மக்களை யாழ்ப்பாண மன்னர் சங்கிலி கொல்லச் செய்தார். சவேரியார் துடித்துப்போனார். போர்த்துக்கீசிய ஆளுநரிடம் முறையிட்டார். மன்னரைத் தண்டிக்கப் படை அனுப்புவதாக ஆளுநர் இசைந்தார். அந்தப் படைக்காகவே சவேரியார் நாகப்பட்டினத்தில் காத்திருந்தார்.

படை போகவில்லை. பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. அதன் சரக்கு மன்னர் வசமானது. செத்த ஏழைகளுக்கு நியாயம் கேட்பதைவிடச் சரக்கை மீட்பது அதிகாரிகளுக்குப் பெரிதாகப் பட்டது. ஒரு புனிதர் படையையா நம்பினார் என்று நமக்கு உறுத்தலாம். அவரும் மனிதர்தான். நம்பியது கைவிட்டபோது அடுத்து என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் தோமையாரிடம் போய் செபிக்க எண்ணினார். மார்ச் 29, குருத்து ஞாயிறன்று கப்பலேறினார். எதிர்க்காற்று விடவில்லை, கப்பல் நாகப்பட்டினத்துக்கே திரும்பியது. இரண்டாவது ஏமாற்றம். அதன்பின் அவர் நடக்கத் தொடங்கினார்.

அது பழைய கரைவழி. பூம்புகாரையும் மாமல்லபுரத்தையும் தொட்டுச் செல்லும் துறைமுகங்களின் பாதை. வழியெல்லாம் ஆறுகளின் கழிமுகங்கள். நம் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கின்றன. நம் மலைத் தண்ணீரையும் அவர் கடந்துதான் போயிருக்க வேண்டும்.

மயிலாப்பூரில் நான்கு மாதம் பங்குத்தந்தையின் வீட்டில் தங்கினார். இரவில் எழுந்து, தோட்டத்தைக் கடந்து, கல்லறைக் கோயிலுக்குப் போய் செபிப்பார். அங்கேதான் கிழக்கே மலாக்காவுக்குப் போவதென்ற தெளிவு அவருக்குக் கிடைத்தது. 1549-இல் ஜப்பானில் அவர் கால் வைத்ததற்கும் அந்தக் கல்லறையில்தான் தொடக்கம்.

அன்பானவர்களே, 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் நம் கருணாபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் சாவு. தலைவர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன, நிவாரணத் தொகையும் வந்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. நியாயம் கேட்பதை நாம் விடக்கூடாது, சவேரியாரும் கேட்டார். ஆனால் மேலேயிருந்து எல்லாம் வரட்டும் என்று எத்தனை நாள் உட்கார்ந்திருப்போம்?

இறந்தவர்களின் பிள்ளைகள் நம்மிடையே வளர்கிறார்கள். "குடிகாரன் பிள்ளை" என்று யாரோ சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. பாதயாத்திரைக்குப் பல நாள் ஒதுக்குகிற நாம், அந்த வீடுகளுக்கு நடக்க அரைமணி நேரம் ஒதுக்கினோமா? இதைக் கேட்கும்போது முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அடக்கத்தன்று போனதோடு சரி என்றிருந்த வீடுகள் எனக்கும் உண்டு.

இந்த ஆண்டு காவி உடுத்துமுன், அப்படி ஒரு வீட்டுக்கு நடந்துபோய்த் திண்ணையில் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம். பிள்ளையின் படிப்பைக் கேளுங்கள், அம்மாவின் வேலையைக் கேளுங்கள். இன்னும் குடியை விட முடியாமல் தவிப்பவர் அங்கே இருந்தால், மருத்துவமனைக்கு அவரோடு கூட நடந்துபோங்கள். எம்மாவு வழியில் மனமுடைந்து நடந்த இருவரோடு ஆண்டவர் அப்படித்தான் நடந்தார்.

புனித சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.