ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை, 2022–2023

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்சில், ஆசிரியர் சங்கங்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு நடந்த ஊதிய, பணிநிலை ஒப்பந்தப் பேச்சு இது. பழைய ஒப்பந்தங்கள் 2022 ஜூன் 30 அன்று காலாவதியாயின. புதியவை கைகூடாத நிலையில் 2023 ஏப்ரல் 10 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. 1766இல் நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தது அதுவே முதல் முறை. ஐந்து நாளில் உடன்பாட்டின் வரைவு உருவானது; மே மாதத்தில் உறுப்பினர்கள் அதற்கு வாக்களித்து ஒப்புதல் தந்தனர்.

சங்கங்கள்

பேச்சில் மூன்று சங்கங்கள் இருந்தன. முதலாவது, முழுநேர ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்களாக இருந்துகொண்டே பாடம் நடத்துவோர், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் ஆகியோருக்கான சங்கம். இரண்டாவது பகுதிநேர விரிவுரையாளர் சங்கம். மூன்றாவது மருத்துவ, சுகாதார அறிவியல் பிரிவு ஆசிரியர்களின் சங்கம். மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 9,000 பேர். நியூ பிரன்ஸ்விக், நியூவார்க், கேம்டன் ஆகிய வளாகங்களில் அப்போது சுமார் 67,000 மாணவர்கள் படித்தனர்.

இச்சங்கங்களின் தாய் அமைப்பான அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1915இல் தொடங்கியது. தத்துவ அறிஞர் ஜான் டூயி அதன் முதல் தலைவர். கருத்துச் சுதந்திரத்தையும் பணிப் பாதுகாப்பையும் காப்பதே தன் வேலை என்று நெடுங்காலம் கருதிய அவ்வமைப்பு, கூட்டுப்பேரம் தொழிற்சாலைக்கு உரியது என்று ஒதுங்கியே நின்றது. 1972இல்தான் அதைக் கொள்கையாக ஏற்றது. ரட்கர்ஸ் கிளையோ 1970இலேயே பேரம் பேசும் உரிமை பெற்றுவிட்டது.

சட்டச் சூழல்

அமெரிக்காவில் பேராசிரியர் பேரம் பேச முடியுமா என்பது அவர் எங்கே வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது. தனியார் பல்கலைக்கழகங்களில் பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம் போன்றவற்றில் முழுநேரப் பேராசிரியர்களின் சொல் எடுபடுகிறது. ஆகவே அவர்களும் நிர்வாகத்தின் பகுதியே என்று யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இல் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதன்பின் தனியார் வளாகங்களில் முழுநேர ஆசிரியர் சங்கங்கள் பெரிதாக வளரவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. அங்கே மாநிலச் சட்டமே ஆளும்.

நியூ ஜெர்சியின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் அரசு ஊழியருக்குக் கூட்டுப்பேர உரிமையைத் தருகிறது. ஆனால் எதைப் பற்றிப் பேசலாம் என்பதில் அம்மாநிலம் கறாரானது. ஊதியமும் பணிநிலைகளும் பேரத்துக்கு உரியவை, அரசின் கொள்கை முடிவுகள் உரியவை அல்ல, இரண்டுக்கும் நடுவே விரும்பினால் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வகை கிடையாது என 1978இல் ரிட்ஜ்ஃபீல்டு பார்க் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைநிறுத்தத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் அங்கே இயற்றப்படவில்லை. ஆயினும் நீதிமன்றங்கள் வழக்காற்றுச் சட்டத்தின் அடிப்படையில் அதைச் சட்டவிரோதம் என்றே கருதி வந்துள்ளன. நிர்வாகம் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கலாம். ஆணையை மீறினால் அபராதம் வரும். 2023 ஏப்ரலில் நடந்தவை எல்லாம் இத்தகைய தடையாணை வருமா என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தன.

கோரிக்கைகள்

மேசையின் மையத்தில் இருந்தது பேராசிரியர்களின் சம்பளம் அல்ல. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்குச் சுமார் 6,000 டாலர் பெற்று, அடுத்த பருவத்தில் பாடம் கிடைக்குமா என்பதே தெரியாமல் இருந்த பகுதிநேர விரிவுரையாளர்களும், ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலரில் நியூ ஜெர்சி வீட்டு வாடகையைச் சமாளித்த ஆய்வு மாணவர்களுமே பேச்சின் முக்கியப் பொருள். நிரந்தரப் பணியில் இருந்த மூத்தவர்கள், தங்கள் உயர்வோடு கடைநிலையில் இருப்போரின் உயர்வும் சேர்ந்தே வர வேண்டும் என்று நின்றனர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது அரிது. அதற்கு முந்தைய மாதங்களில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் டெம்பிள் பல்கலைக்கழகத்திலும் நடந்த வேலைநிறுத்தங்களில் பேராசிரியர்கள் பக்கத்தில் நின்று ஆதரித்தார்கள். ரட்கர்சில் அவர்களே வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள்.

பல்கலைக்கழக விடுதிகளில் வாடகையை உயர்த்தாமல் நிறுத்திவைக்க வேண்டும், கட்டணப் பாக்கிக்காக மாணவரின் மதிப்பெண் சான்றை முடக்கக் கூடாது என்பவையும் கோரிக்கைகளில் இருந்தன. மேலே சொன்ன சட்டப்படி இவை பேரத்தின் எல்லைக்குள் வருபவை அல்ல. மாணவர்களையும் சுற்றுப்புறத்தையும் தம் பக்கம் சேர்த்துக்கொள்ளவே சங்கங்கள் இவற்றை முன்வைத்தன எனலாம். அது பலித்தது: மறியல் வரிசையில் மாணவர்கள் ஏராளமாக வந்து நின்றனர்.

பணம் இல்லை என்ற நிர்வாகத்தின் பதிலுக்குச் சங்கத்தினர் அடிக்கடி காட்டிய எடுத்துக்காட்டு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிப் பயிற்சியாளர் கிரெக் ஷியானோ. 2019இல் அவரோடு பல்கலைக்கழகம் செய்த ஒப்பந்தம் எட்டு ஆண்டுகளுக்கு 3.2 கோடி டாலர்.

வேலைநிறுத்தம்

2023 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 94 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு இசைவு தந்தனர். பருவத்தின் கடைசி வாரங்கள் அவை. தேர்வும் மதிப்பெண்ணும் பட்டமளிப்பும் நெருங்கிய நேரம் என்பதால் ஆசிரியர்களின் கை ஓங்கியிருந்தது. முதுநிலை ஆசிரியர் முதல் பகுதிநேரத்தார் வரை வகுப்புகளை நிறுத்தினர். மருத்துவப் பிரிவினர் நோயாளிகளுக்கான அவசியச் சேவையையும் முக்கிய ஆய்வுகளையும் நிறுத்தவில்லை.

அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் ஜொனாதன் ஹாலோவே, ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றை எழுதியவர். ரட்கர்சின் முதல் கறுப்பினத் தலைவர். வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றும் நீதிமன்றத்தை நாட நேரும் என்றும் அவர் அறிவித்ததும் நாடெங்கும் உள்ள வரலாற்றாசிரியர்கள் அதைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதினர். சக வரலாற்றாசிரியரிடமிருந்து இதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

அந்நேரத்தில் ஆளுநர் ஃபில் மர்ஃபி குறுக்கிட்டார். தடையாணை கோரி வழக்குப் போட வேண்டாம் என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டு, இரு தரப்பையும் தலைநகர் டிரென்டனில் உள்ள தம் அலுவலகத்துக்கு வரவழைத்தார். சமரசம் செய்தது பாதி. பணம் தந்தது மறு பாதி. ஒப்பந்தச் செலவைத் தாங்கக் கூடுதல் நிதிக்கு மாநில அரசு உறுதி தந்தது. பத்து மாதமாக வளாகத்தில் முடியாத பேச்சு டிரென்டனில் ஐந்து நாளில் முடிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை: அரசுப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகம் பேரம் பேசுகிறது, கஜானாவின் சாவி வேறிடத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 14 நள்ளிரவை ஒட்டி உடன்பாட்டின் வரைவு அறிவிக்கப்பட்டது. சங்கங்கள் வேலைநிறுத்தத்தை முடித்துக்கொள்ளவில்லை, இடைநிறுத்தம் செய்வதாகவே அறிவித்தன. எழுத்தில் வராத அம்சங்கள், குறிப்பாக மருத்துவப் பிரிவினருக்கானவை, இன்னும் பாக்கி இருந்தன.

உடன்பாடு

2022 ஜூலையிலிருந்து கணக்கிட்டு நான்கு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். முழுநேர ஆசிரியருக்கு 2025 ஜூலைக்குள் குறைந்தது 14 சதவீத உயர்வு. பகுதிநேர விரிவுரையாளரின் கிரெடிட் ஊதியம் ஏறத்தாழ 44 சதவீதம் உயரும். ஆய்வு மாணவரின் குறைந்தபட்ச ஊதியம் ஒப்பந்தக் காலத்துக்குள் 40,000 டாலரை எட்டும்; முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் சுமார் 28 சதவீத உயர்வு. சதவீதத்தில் மேல்தட்டுக்குக் குறைவாகவும் கீழ்த்தட்டுக்கு மிகுதியாகவும் கிடைத்திருப்பதைக் கவனிக்கலாம். பகுதிநேரத்தார் ஒரு பருவத்துக்கு மேலான நியமனங்களைப் பெறவும் வழி பிறந்தது. வாடகையை நிறுத்திவைக்கும் கோரிக்கை நிறைவேறவில்லை.

பின்விளைவுகள்

2023 ஜூலையில் பல்கலைக்கழகத்தின் ஆளுகைக் குழு கல்விக் கட்டணத்தை 6 சதவீதம் உயர்த்தியது. மறியலில் நின்ற மாணவர்கள் சிலருக்கு இது கசந்திருக்கும். செப்டம்பரில் பல்கலைக்கழகப் பேரவை 89-க்கு 47 என்ற வாக்கில் ஹாலோவே மீது நம்பிக்கையின்மையைப் பதிவு செய்தது. அதற்குக் காரணங்கள் பல. நியூவார்க் வளாகத் தலைவர் நான்சி கேன்டரின் பதவியை நீட்டிக்காததும் வேலைநிறுத்தத்தின்போது விடுத்த நீதிமன்ற எச்சரிக்கையும் அவற்றில் அடங்கும். 2025 ஜூனில் பதவி விலகுவதாக ஹாலோவே 2024 செப்டம்பரில் அறிவித்தார். நான்காண்டு ஒப்பந்தங்களின் காலம் 2026 ஜூன் 30 வரை.