நின்று பார்க்கும் கண்



வீட்டு வளவிலே படரும் பூசணிக் கொடியை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். அக்கொடி பற்றுக்கோடு தேடி நீட்டும் மெல்லிய தந்து இடப்புறமாகச் சுருள்கின்றதா, வலப்புறமாகச் சுருள்கின்றதா என்று ஒருவர் வினவினால், நம்மிற் பலர் விடை கூற இயலாது விழிப்போம். நாள்தோறும் கண்ணிற்படும் பொருளே ஆயினும், நின்று பார்த்தோம் அல்லோம். நின்று பார்க்கும் இப்பழக்கத்திற்கு நிழற்படக் கலை செய்த தொண்டினைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

நிழற்படம் என்றதும் கண்ணிமைக்கும் நேரத்திற் பிடிக்கப்படுவது என்றே நாம் எண்ணுகின்றோம். அக்கலை பிறந்த காலத்தில் நிலைமை அதுவன்று. பிரான்சு நாட்டவரான நீப்ஸ் என்பவர், 1826 அல்லது 1827ஆம் ஆண்டில், தம் வீட்டுச் சாளரத்தினின்றும் தெரிந்த காட்சியை ஓர் உலோகத் தகட்டிற் பதித்தார். இன்று எஞ்சியிருக்கும் கமராப் படங்களுள் மிகப் பழையது அதுவே. அதனைப் பதிப்பதற்குப் பல மணி நேரம் சென்றது. அதற்குள் கதிரவன் வானத்தைக் கடந்துவிட்டமையால், கட்டடங்களின் இரு பக்கங்களிலும் வெயில் விழுந்திருப்பதை அப்படத்திற் காணலாம். பொறுமையே அக்கலையின் முதற் பாடமாயிருந்தது.

அப்பாடத்தைச் செடிகொடிகளிடத்துக் கொண்டுசென்றவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் கார்ல் புளொஸ்பெல்ற். ஜேர்மனி நாட்டிலே 1865ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இளமையில் ஓர் இரும்பு வார்ப்பாலையிற் சிற்பத் தொழில் பயின்றார். பின்னர் பேர்லின் நகரிற் கைப்பணிக் கலை மாணவருக்கு, தாவரங்களைப் பார்த்து உருவம் வனையும் முறையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தார். பறித்த செடியோ சில மணி நேரத்தில் வாடிவிடும். அதன் நுண்ணிய வளைவுகளையும் நரம்புகளையும் மாணவர் காண்பது எங்ஙனம்? இவ்விடர்ப்பாட்டை நீக்கவே அவர் கமராவைக் கையிலெடுத்தார். வெண்மையான அல்லது சாம்பல் நிறமான அட்டையின் முன்னே ஒரு மொட்டையோ தண்டையோ நிறுத்தி, பன்மடங்கு பெருப்பித்து, ஆயிரக்கணக்கான படங்களை எடுத்தார். புகழையோ பொருளையோ அவர் கருதினாரல்லர். வகுப்பிற் காட்டுவதற்கே அவை எடுக்கப்பட்டன.

1928ஆம் ஆண்டில், அவர் தம் அறுபத்து மூன்றாம் வயதை எய்திய காலத்தில், 120 படங்களைக் கொண்ட நூல் ஒன்று வெளிவந்தது. 'கலையின் மூல வடிவங்கள்' என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். விரியாத பன்ன இலை ஆயரின் செங்கோல்போல வளைந்து நின்றது. குதிரைவாற் செடியின் தண்டு கோபுரமாக எழுந்தது. பூசணிக் கொடியின் தந்து இரும்புக் கம்மியன் முறுக்கிய கம்பியோ என ஐயுற வைத்தது. அறியப்படாதிருந்த அவ்வாசிரியரின் பெயர் எங்கும் பரவிற்று. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1932இல், அவர் காலமானார்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். படமெடுக்குமுன் அவர் வேண்டாத இலைகளைக் களைந்து, செடியைத் திருத்துவதும் உண்டு. மண்ணும் காற்றும் வண்டும் இல்லாத செடி இயற்கை ஆகுமா? தடை நியாயமானதே. ஆயினும், அவர் காட்ட முயன்றது செடியின் வாழ்க்கையை அன்று, அதன் அமைப்பையே. ஓர் எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனைச் சொல்லினின்றும் பிரித்துக் கரும்பலகையிலே பெரிதாக எழுதுவது போன்றதே அவர் செயலும்.

இதற்கு மாறான வழியிற் சென்றவர், 1948இல் டோக்கியோ நகரிற் பிறந்த ஹிரோஷி சுகிமோட்டோ. 1980ஆம் ஆண்டு தொடக்கம் இவர் உலகின் பல கடல்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்துவந்துள்ளார். எல்லாப் படங்களும் ஒரே அமைப்பின. மேற்பாதி வானம், கீழ்ப்பாதி நீர், நடுவே தொடுவானம். தோணி இல்லை, பறவை இல்லை, கரையும் இல்லை. ஆதி மனிதன் கண்ட காட்சியை இன்றைய மனிதனும் காண இயலுமா என்பதே அவரைத் தூண்டிய வினா. மலைகளும் மாறிவிட்டன, காடுகளும் மாறிவிட்டன. கடலின் தோற்றம் மாத்திரம் பெரிதும் மாறவில்லை என அவர் கருதினார். அப்படங்களை விரைந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றேபோலத் தோன்றும். நின்று பார்ப்பவருக்கோ, ஒன்றில் மூடுபனி, ஒன்றில் அலையின் சிறு நெளிவு, ஒன்றில் இரவின் இருள் எனப் புலனாகும் வேற்றுமைகள் பல.

இன்று கைத்தொலைபேசி வழியே நாம் ஒரு நாளிற் காணும் படங்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் எத்தனை மறுநாள் நினைவில் நிற்கின்றன? ஹார்வார்ட் பல்கலைக்கழகக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜெனிபர் றொபேட்ஸ், தம் மாணவர் ஒரே கலைப் படைப்பின் முன் மூன்று மணி நேரம் அமர்ந்து பார்த்தல் வேண்டும் எனப் பணித்ததைப் பற்றி 2013ஆம் ஆண்டில் எழுதினார். பாடத்திட்டத்தை முடிக்கும் விரைவில், ஓர் இலையை ஐந்து நிமிடம் பார்ப்பதற்குக்கூட நம் பிள்ளைகளுக்கு நாம் இடங்கொடுப்பதில்லை. பல்லாண்டு கற்பித்த என்னையும் இக்குற்றத்தினின்றும் நான் விலக்கிக்கொள்ளவில்லை. இலையின் பகுதிகளைப் பெயர் சொல்லிப் பரீட்சையிற் புள்ளி பெறுகின்ற பிள்ளை, இலையைப் பார்த்திராத பிள்ளையாகவும் இருத்தல் கூடும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கம்பைப் பற்றிக்கொண்ட பூசணித் தந்து ஒரு பாதியில் ஒரு புறமாகவும், மறு பாதியில் எதிர்ப்புறமாகவும் சுருள்கின்றது. இடையே திசை மாறும் ஒரு சிறு பகுதி உண்டு. இரு முனைகளும் கட்டுண்ட இழை, தான் முறுகிப்போகாது சுருள்வதற்கு வழி அதுவே. இதனைச் சார்ள்ஸ் டார்வின், புளொஸ்பெல்ற் பிறந்த அதே 1865ஆம் ஆண்டில், ஏறுகொடிகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியில் விளக்கினார்.

நான் கூறியதை நம்பி அமைதல் வேண்டா. நாளைக் காலையிற் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வேலியோரம் செல்லுங்கள். சற்றே நின்று, நீங்களே பாருங்கள்.