பெருமுக்கல்லில் இருந்து சேப்பாக்கம் வரை

எங்கள் ஊர் பெருமுக்கல். திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகிற ரோட்டில் வந்தால் பெரிய பாறைக் குன்று ஒன்று தெரியும், அதுதான். மேலே சோழர் காலத்துச் சிவன் கோயில் இருக்கிறது, இடிந்த கோட்டை இருக்கிறது. 1760-ல் இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து ஆங்கிலேயர்கள் சண்டை போட்டுப் பிடித்தார்கள். அதே ஆங்கிலேயர்கள் இந்த நாட்டுக்குக் கொண்டு வந்த கிரிக்கெட்டைத்தான் அந்த மலையடிவாரத்தில் நாங்கள் விடிந்ததில் இருந்து இருட்டும் வரை ஆடி வளர்ந்தோம். ஸ்டம்புக்கு மூன்று சவுக்குக் குச்சி, பிட்ச்சில் பாதி பாறை!

நண்பர்கள் மூன்று பேரும் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்த பயணம் போன லீவில்தான் நடந்தது. மேட்ச் பார்க்க இல்லை, மைதானங்களைப் பார்க்க. "காலி கிரவுண்டைப் பார்க்க யாராவது பெட்ரோல் செலவு பண்ணுவானா?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. நண்பனுடைய மாமாவின் பழைய காரை வாங்கிக்கொண்டு, விடியற்காலை கிளம்பி, மேல்மருவத்தூர் தாண்டி டீ குடித்துவிட்டு, சென்னைக்குள் நுழைந்தோம்.

முதலில் தீவுத்திடல். பொருட்காட்சி நடக்கும் இடமாகத்தான் நமக்கெல்லாம் தெரியும். 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஆரம்பத்தில் ஆடியது இங்கேதான். 1860-களில்தான் சேப்பாக்கத்தில், ஆற்காடு நவாப்பின் அரண்மனையை ஒட்டிய நிலத்துக்கு மாறினார்கள். அது வெள்ளைக்காரர்களின் கிளப். ஆட வருகிற இந்தியர்களுக்குப் பெவிலியனுக்குள் இடமில்லை, மதியச் சாப்பாடு மரத்தடியில்.

இதைப் பார்த்துப் பொறுக்காதவர் புச்சி பாபு நாயுடு. (புச்சி பாபு டோர்னமெண்ட் கேள்விப்பட்டிருப்பீர்கள், அவர்தான்.) வசதியான குடும்பம், வெள்ளைக்காரத் தாதிகளிடம் வளர்ந்தவர். நினைத்திருந்தால் ஒதுங்கிப் போயிருக்கலாம். 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பையன்களைத் தேடிப் பிடித்து, மட்டையும் உடையும் கொடுத்து ஆட வைத்தார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் மேட்ச் ஒன்றுக்கு 1908-ல் ஏற்பாடு செய்துவிட்டு, அது நடப்பதற்குள் இறந்துபோனார். வயது நாற்பதுதான். அந்த மேட்ச்தான் பிற்பாடு வருஷா வருஷம் பொங்கலுக்கு நடக்கும் பிரசிடென்சி மேட்ச் ஆனது. 1952 வரை நடந்தது.

சேப்பாக்கத்தை வாலாஜா ரோட்டில் இருந்து சுற்றி நடந்தோம். இந்த இடத்தின் கதையை எங்கே தொடங்குவது! ரஞ்சிக் கோப்பையின் முதல் மேட்ச் இங்கேதான், 1934 நவம்பர் 4. மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே. கோபாலன். ஏ.ஜி. ராம் சிங் பதினொரு விக்கெட் எடுக்க, மேட்ச் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

இந்தக் கோபாலனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் டூரா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இவருக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. அவர் வாழ்நாளில் ஆடிய டெஸ்ட் 1934-ல் கல்கத்தாவில் ஆடிய அந்த ஒன்றுதான். எனக்கு ஸ்கோர் கார்டுகளை விட இந்த மாதிரி கதைகள்தான் மனதில் நிற்கின்றன.

இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்டை ஜெயித்ததும் சேப்பாக்கத்தில்தான். 1952 பிப்ரவரி, இங்கிலாந்துக்கு எதிராக. முதல் டெஸ்ட் ஆடி இருபது வருஷம் கழித்து! வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட். பங்கஜ் ராய், உம்ரிகர் சதம். இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசம். பிரசிடென்சி மேட்ச் நின்றுபோனதும் கிட்டத்தட்ட அதே சமயம்தான். இனி அதற்குத் தேவை இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

1986 டை மேட்ச் எங்கள் வீட்டுக் கதை. இந்தியாவுக்கு இலக்கு 348. ஒரு ரன் எடுத்தால் வெற்றி, கடைசி ஓவரில் ஒரு பந்து பாக்கி, மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டாவது டை. அப்பா திண்டிவனத்தில் ஒரு டீக்கடை ரேடியோவில் கேட்டுக்கொண்டு நின்றாராம். "அவுட்டே இல்லடா அது" என்று இன்றைக்கும் சொல்வார். ரேடியோவில் எப்படிப்பா தெரியும் என்று கேட்டால் கோபம் வரும்.

அடுத்து பெரியமேடு, நேரு ஸ்டேடியம். இன்று அது கால்பந்து, தடகள மைதானம். ஆனால் 1956 முதல் 1965 வரை மெட்ராஸ் டெஸ்டுகள் சேப்பாக்கத்தில் இல்லை, இங்கேதான், கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்ற பெயரில். மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கே. 2008 வரை, 52 வருஷம், அந்த உலக சாதனையை யாரும் தொடவில்லை. 1964-ல் நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர் போட்டதும் இதே மண்ணில். 1993-ல் அடையாளமே தெரியாமல் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பழைய பிட்ச் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று மூன்று பேரும் சண்டை போட்டோம்.

ஈசிஆர் வழியாகத் திரும்பினோம். மரக்காணத்தில் திரும்பி ஊருக்கு வராமல், நேராகப் புதுச்சேரி போய்த் துத்திப்பட்டு மைதானத்தையும் எட்டிப் பார்த்தோம். புதுச்சேரி அணி ரஞ்சியில் ஆட ஆரம்பித்ததே 2018-ல்தான். சேப்பாக்கத்தில் முதல் ரஞ்சிப் பந்து விழுந்து 84 வருஷம் கழித்து, எங்கள் ஊரில் இருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ரஞ்சி மேட்ச்! நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே வந்திருக்கக் கூடாதா என்றான் எங்களில் நன்றாகப் பந்து போடுகிறவன். அவன் இப்போது திண்டிவனத்தில் செல்போன் கடையில் இருக்கிறான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "என்னடா பார்த்தீங்க?" "கிரவுண்டும்மா" என்றேன்.

அடுத்தது சேலம் பக்கம் வாழப்பாடி. 2020-ல் திறந்த மைதானம். மாமா கார் தருவாரா என்றுதான் தெரியவில்லை.