பல்லாங்குழிப் பலகை: மண்ணிலிருந்து மரத்துக்கு



லயங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடுவதற்குப் பலகை தேடியதில்லை. வாசல் மண்ணில் சிறிது தண்ணீர் தெளித்து, வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழிகளைக் கிண்டி, குதிகாலால் அழுத்தி வழவழப்பாக்குவார்கள். பதினான்கு குழிகளும் ஆயத்தம். புளியங்கொட்டை இருந்தால் அதுவே காய். இல்லாவிட்டால் பால்மரத்தடியில் வெடித்துச் சிதறிக் கிடக்கும் ரப்பர் விதை. இரவு மழையில் குழி கரைந்துபோனால் மறுநாள் புதிதாகக் கிண்டிக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் இந்த ஆட்டத்துக்கு மரப்பலகையும் உண்டு, பித்தளைப் பலகையும் உண்டு. மணப்பெண்ணின் சீர்வரிசையோடு பலகையைக் கொடுத்தனுப்பும் வழக்கமும் இருந்தது. ஆனால் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும், 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்திறங்கிய ஏழைத் தொழிலாளரின் துணிமூட்டையில் கனமான ஒரு பலகைக்கு ஏது இடம்? பலகை ஊரில் தங்கிவிட்டது. ஆட்டத்தின் விதிகள் மட்டும் பெண்களின் நினைவில் ஏறிக் கடல் கடந்தன. தோட்டத்து மண் அதற்குப் பலகையாயிற்று.

அந்த மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிவோம். 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயா என்னும் நகரமாக மாறத் தொடங்கியது. 1976 முதல் சீஃபீல்டு தோட்டத்து நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வாறு தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாயின. லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பத்துக்கு நான்காம் மாடியில் சிமெந்துத் தரை இருந்தது. கிண்டுவதற்கு மண் இல்லை. ஆட்டம் மறந்துபோனதற்குத் தொலைக்காட்சியைக் குறை சொல்வோர் உண்டு. வாசல் மண் போனதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஆகவேதான் பலகையைப் பற்றிப் பேச வந்தோம்.

நம் அண்டை வீட்டு மலாய்க்காரர்களிடம் இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சொங்காக். பெரும்பாலும் படகு வடிவில் செதுக்கிய மரத்தில், நம்முடையதைப் போலவே ஏழேழாக இரண்டு வரிசைக் குழிகள். ஒரே வேறுபாடு, இரு முனைகளிலும் பெரிய குழி ஒவ்வொன்று கூடுதலாக இருக்கும். அதை 'ரூமா', அதாவது வீடு என்பார்கள். 1989-இல் வெளியான நம் நாட்டுப் பத்துக் காசு நாணயத்தைப் புரட்டிப் பாருங்கள். அதில் பொறித்திருப்பது இந்தப் பலகைதான். 2012-இல் வந்த புதிய காசில் அது இல்லை. பழைய காசு கிடைத்தால் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

இந்தக் குடும்பம் பெரியது. சாவகத்தில் டாக்கோன், பிலிப்பைன்ஸில் சுங்கா, இலங்கையில் சிங்களவர் புத்தாண்டுக்கு ஆடும் ஒலிந்த கெளிய, ஆப்பிரிக்காவில் பாவோ, ஓவாரே என்று எத்தனையோ பெயர்கள். அறிஞர்கள் இவற்றுக்கெல்லாம் பொதுவாக 'மன்கலா' என்று பெயரிட்டிருக்கிறார்கள்; நகர்த்துதல் என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. 1894-இல் அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் கியூலின் இதை ஆப்பிரிக்காவின் தேசிய ஆட்டம் என்றே எழுதினார். யார் யாரிடம் கற்றார்கள் என்ற வழக்கில் நாம் இறங்க வேண்டாம். கடலோடிகள் போன இடமெல்லாம் சோழியும் போயிற்று, குழியும் போயிற்று.

விதிகளில் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நம் ஆட்டத்தில் குழிக்கு ஐந்தாக எழுபது காய் இட்டுத் தொடங்கலாம். ஒரு குழியை வாரி வலப்பக்கமாக ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை வாரித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையானால், அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அப்பால் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். சொங்காக்கிலோ குழிக்கு ஏழாகத் தொண்ணூற்றெட்டுக் காய். ஆட்டம் பெரும்பாலும் இடப்பக்கமாகச் செல்லும். இடமுனையில் உள்ளதே நம் வீடு. போகும் வழியில் நம் வீட்டில் ஒன்று போடலாம், எதிராளி வீட்டில் போடக்கூடாது. கடைசிக் காய் நம் வீட்டில் விழுந்தால் மறுபடியும் நமக்கே ஆட்டம். இரண்டு ஆட்டத்திலும் ஒன்று பொது: தோற்றவர் அடுத்த சுற்றில் தம் குழிகளை நிரப்ப இயலாவிட்டால் நிரம்பாத குழிகளை இழப்பார். நாம் அடைத்துவிட்டது என்போம். மலாய்க்காரர் எரிந்துபோயிற்று என்பார்கள்.

ஆகவே முனைகளில் வீடும் சேர்த்துப் பதினாறு குழி குடைந்தால் ஒரே பலகையில் இரண்டு ஆட்டமும் ஆடலாம். பல்லாங்குழியின்போது பசுவைச் சேர்த்துவைக்க அந்த இரு வீடுகளும் உதவும்.

இனி மரம். நாம் பரிந்துரைப்பது பால்மரத்தைத்தான். 1877-இல் இருபத்திரண்டு கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த இந்த மரத்தை நம்மவர் மூன்று நான்கு தலைமுறை வெட்டினார்கள். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்ததும் அது விறகாயிற்று, புகைக்கூடத்தில் எரிந்தது. மரவேலைக்கு ஆகாது என்று ஒதுக்கியதற்குக் காரணம், அதன் உடலில் நிறைந்துள்ள மாவுச்சத்து. வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூஞ்சணம் படரும். பிறகு வண்டு துளைக்கும். கெப்போங்கில் 1929-இல் அமைந்த வன ஆராய்ச்சி நிலையத்திலும் பிற இடங்களிலும் நடந்த ஆய்வுகளால், போரான் உப்புக்கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்தது. 1980-களில் அதே விறகு ஏற்றுமதி நாற்காலியாகவும் மேசையாகவும் மாறியது! ஆதலால், விழுந்துகிடக்கும் மரத்தை அறுத்துக் கொண்டுவராதீர்கள். பதப்படுத்தி உலர்த்திய பலகையையே வாங்குங்கள்.

பலகை 26 அங்குல நீளம், 7 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் இருக்கட்டும். அவ்வளவு கனத்தில் கிடைக்காவிட்டால், ஓரங்குலப் பலகை இரண்டை மரப்பசையிட்டு, கவ்வியால் ஒரு நாள் இறுக்கி வைக்கலாம். நீளவாக்கில் நடுக்கோடு போடுங்கள். அதற்கு இருபுறமும் ஒன்றரை அங்குலத்தில் ஒவ்வொரு கோடு. அந்தக் கோடுகளில், பலகையின் நடுவிலிருந்து தொடங்கி, இரண்டரை அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக ஏழு புள்ளி. ஒவ்வொன்றிலும் காம்பஸால் ஓரங்குல ஆரத்தில் வட்டம். இரு முனைகளிலும் மூன்றங்குல வட்டம் ஒவ்வொன்று.

பலகையை மேசையோடு கவ்வியால் பிணைத்த பிறகே உளியைத் தொட வேண்டும். உளி முனைக்கு எதிரே எந்தக் கையும் இருக்கக்கூடாது. முதலில் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் முக்கால் அங்குல ஆழத்துக்குத் துளையிடுங்கள். ஆழம் எவ்வளவு என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். பிறகு வளைந்த வாயுள்ள உளியால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய சீவல்களாக எடுங்கள். நடுவிலிருந்து மேல்நோக்கி உந்தினால் மரநார் பிய்ந்து விளிம்பு உடையும். சுவர் செங்குத்தாக இருக்கலாகாது, கிண்ணம்போலச் சரிய வேண்டும். நான்கு விரலையும் குவித்து ஒரே வாரில் காய் முழுவதும் கைக்கு வர வேண்டுமே! பாட்டிமார் குதிகாலால் அழுத்தியது அந்த வடிவத்துக்காகத்தான். கடைசியில் சிறு பந்தில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் வழவழப்பு வரும்.

முதல் குழிக்கு ஒரு மாலைப்பொழுது ஆகலாம். ஐந்தாவது குழிக்குள் கை பழகிவிடும். எனவே முதல் குழியை வேறொரு துண்டு மரத்தில் குடைந்து பார்ப்பது நல்லது. பெண்பிள்ளைகளுக்கும் உளியைக் கொடுங்கள். ஆட்டத்தைக் காத்துவந்தவர்கள் அவர்கள்தாமே.

காய்க்கு ரப்பர் விதை மண்குழியில் சரி. இரண்டங்குலக் குழிக்கு அது பெரிது. புளியங்கொட்டை நல்லது. மலாயில் 'சாகா' எனப்படும் மஞ்சாடி விதையும் அழகாக இருக்கும். ஆனால் சிவப்பில் கறுப்புக் கண்ணுள்ள குண்டுமணி வேண்டாம். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அது. சிறு குழந்தை உள்ள வீட்டில் எந்தக் காயையும் ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பையில் கட்டிவையுங்கள். தொண்ணூற்றெட்டு இருக்க வேண்டும்.